பட்டுப் பிரிவின் பின்கதவு

போன மாதம் நிவேதா போன் செய்தாள். என்னிடம் ஜூனியராக இருந்த பெண். இப்போது அவிநாசி ரோட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு உயரக் கட்டடத்துக்கு அவள்தான் சைட் இன்ஜினீயர். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"சார், இங்கயும் மொதல்ல ஒரு சாம்பிள் ஃப்ளோர் முடிச்சுக் காட்டச் சொல்றாங்க. ஷோரூம்காரங்க வந்து பாக்கறாங்களாம். செய்யட்டுங்களா?"

செய் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "எழுதி அனுப்பறேன் கண்ணு" என்றேன்.

"எழுதுங்க சார். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க உண்மையச் சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க. இங்க இருக்கற பசங்க படிக்கோணும்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் என்னை உண்மை பேசியவன் என்கிறார்கள். மீதிப் பேர் முதலாளியைக் கவிழ்த்தவன் என்கிறார்கள். பேக்கரியில் நிற்கும்போது இரண்டு பேச்சும் காதில் விழும். கையில் இருக்கும் டீயைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு வந்துவிடுவேன். திட்டுகிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாராட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கணியூர். சிவில் டிப்ளமோ முடித்ததும் பல்லடத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். கோழிப்பண்ணையும் தறிக்கூடமும்தான் வேலை. கோழிக்கு வீடு கட்டுகிற இன்ஜினீயர் என்று என் மச்சான் பந்தியில் உட்கார்ந்து கேலி செய்வான். பிறகு திருப்பூர் வந்தேன். ஊர் வளர்ந்த வேகத்தில் எனக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பாதி ஷெட் என் கையால் எழுந்தது என்று சொல்லிக்கொள்வேன். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அங்கேதான் சென்னியப்பன் அவர்களுக்கும் ஒரு ஷெட் கட்டினேன். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சில் 'ங்க' கூடும், அவ்வளவுதான். அந்த முதல் ஷெட்டுக்குத் தரைக் கான்கிரீட் போட்ட அன்று எதிர்பாராத மழை. மேல்பூச்சு முழுக்க அரித்துப் போய்விட்டது. வானத்தைப் பார்த்து வேலையை ஆரம்பிக்க வேண்டியவன் நான்தான். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மழைய நீங்களாங்க கூப்ட்டீங்க? நனையாதீங்க. வாங்க, காப்பி குடிக்கலாம்."

அன்றிலிருந்து வேறு எந்த முதலாளி கூப்பிட்டும் நான் போகவில்லை. அவருக்கு ஷெட், குடோன், ஹாஸ்டல், வீடு என்று எல்லாம் நானே கட்டினேன். ஆனால் இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கத்துகிற முதலாளியிடம் நாமும் கத்தி ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிடலாம். இவரிடம் 'முடியாது', 'தப்பு' என்ற வார்த்தைகளே வாயில் வராது. எங்கள் பக்கத்தில் பொதுவாகவே முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டோம். அவரிடம் அது இன்னும் மோசம்.

பனியன் தொழில் நன்றாகப் போன ஒரு காலத்தில் அவருக்கு இந்த ஆசை வந்தது. கீழே மூன்று தளம் கடை, அதற்கு மேல் அடுக்கடுக்காகப் பெரிய வீடுகள், உச்சியில் நீச்சல் குளம். ஊரிலேயே உயரமான கட்டடம். "இதெல்லாம் கோயமுத்தூர்லயேதான் இருக்கோணுமாங்க?" என்று வரைபடத்தை மேஜையில் விரித்துக் கேட்டபோது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. எனக்கும் புல்லரித்தது. கோழிக்கு வீடு கட்டியவன் இதைக் கட்டப்போகிறேன் என்று அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டேன்.

கீழ்த்தளங்களுக்குத் தெற்கத்திப் பக்கம் பேர்பெற்ற ஒரு ஜவுளிக் குடும்பம் வருவதாக ஒப்புக்கொண்டது. முன்பக்கம் முழுக்கப் பட்டுடுத்திய மணப்பெண் படத்தோடு கடைப் பெயர் போட்ட ஒரு பெரிய துணி பேனரைத் தொங்கவிட்டோம். 'விரைவில்' என்று எழுதியிருந்தது. அந்தப் பேனரைப் பார்த்துத்தான் மேலே வீடு பதிந்தார்கள். அந்தக் கடையே வருகிறது என்றால் கட்டடம் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. கடை வந்தால் வீடு விற்கும், வீடு விற்றால் கட்டடம் மேலே போகும். கடை வராவிட்டால் முதலாளியின் வாழ்நாள் சம்பாத்தியம் பாதிக் கம்பிகளோடு வானத்தைப் பார்த்து நிற்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வேலை இழுத்தது. அடியில் பாறை. பாறையை உடைத்து முடித்தால் தண்ணீர் ஊற்று. கொரோனாவில் பீகார், ஒடிசா ஆட்கள் ஊருக்குப் போனவர்கள், பாதிப் பேர் திரும்பவில்லை. ஒரு தீபாவளிக்குத் திறப்பதாக இருந்த கடை அடுத்த தீபாவளிக்குப் போனது. அதுவும் தள்ளிப்போனது. ஜவுளிக் குடும்பத்தார் பொறுமையாகத்தான் இருந்தார்கள், ஆனால் பொறுமை கரைவது தெரிந்தது.

அப்போதுதான் முதலாளி தனக்குத் தெரிந்த வழிக்குப் போனார். பனியன் தொழிலில் ஒரு முறை உண்டு. வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பீஸைக் கண்ணும் கருத்துமாகத் தைத்து அனுப்புவோம். தையல், சாயம், பட்டன் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்த சாம்பிளை அவன் ஓகே செய்தால் நாம் ஜெயித்தோம். அதற்குப் பிறகு நூலை ஓரிடத்தில் ஓட்டி, இன்னோரிடத்தில் சாயம் போட்டு, வேறோரிடத்தில் தைத்து, எப்படியோ கப்பல் ஏற்றிவிடலாம். ஊரே அப்படித்தான் பிழைக்கிறது, அதில் தவறும் இல்லை. பனியனுக்கு அது சரி.

"மொத மாடியில பட்டுப் பிரிவ மட்டும் முழுசா முடிச்சிரலாமுங்க துரைராஜு. அவங்க வந்து பாத்தாங்கன்னா மனசு மாறாது. மீதிய அப்பறம் ஓட்டிக்கலாமுங்க."

நான் "சரீங்க" என்றேன். முடித்தும் கொடுத்தேன். அதை எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. ராஜஸ்தான் மார்பிள். தேக்கு அலமாரிகள். உத்தரத்திலிருந்து கொத்துவிளக்கு. ஜெனரேட்டர் போட்டு ஏசி. மூலையில் வரைபடத்தில் உள்ளபடியே அவசரப் படிக்கட்டுக்கான பெரிய கதவு, அதன் தலைக்கு மேல் 'வெளியேறும் வழி' என்று பச்சை விளக்கு.

அந்தக் கதவுக்குப் பின்னால் படிக்கட்டு இல்லை.

மறைக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. எஸ்கலேட்டர் பெரிய சாமான். அதை உள்ளே இறக்க வழி வேண்டும் என்பதற்காக, பின்பக்கப் படிக்கட்டில் அடித்தளத்திலிருந்து இரண்டாம் மாடி வரை கான்கிரீட் வார்க்காமல் விட்டிருந்தோம். எங்கும் செய்கிற வேலைதான். எஸ்கலேட்டர் வந்ததும் படியை வார்த்து மூடிவிடுவார்கள். எங்களுக்கு எஸ்கலேட்டர் வரவில்லை. கப்பலில் இருக்கிறது, துறைமுகத்தில் இருக்கிறது என்று கதை மட்டும் வந்தது. அதற்குள் அலங்கார வேலைக்காரர்கள் வந்து, வரைபடத்தில் கதவு இருக்கிறதே என்று கதவை மாட்டிவிட்டுப் போனார்கள். யாராவது தெரியாமல் திறந்து கீழே விழுந்துவிடக் கூடாது என்று நான் பூட்டுப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

முதலாளியிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். "அந்தப் பின்படி ஒண்ணு பாக்கி நிக்குதுங்க" என்பேன், குழம்பில் உப்பு ஒரு கல் குறைகிறது என்று சொல்கிற தோரணையில். "பாத்துக்கலாமுங்க" என்பார் அவர். இரண்டு பேரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எஸ்கலேட்டர் எப்போது வந்தாலும் வரட்டும், முன்பக்கம் உடைத்து இறக்கிக்கொள்ளலாம், முதலில் படியை வார்த்துவிடலாம் என்று உட்கார்ந்து பிடிவாதமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் சுண்டிப்போகுமே என்று நான் சொல்லவில்லை. மூன்று மாடி முழுக்கப் பண்டிகைக் கூட்டம் நிற்கப்போகிற கட்டடத்தில், எனக்கு அவர் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஆடி மாதம் ஜவுளிக் குடும்பத்திலிருந்து கோமதி அம்மா வந்தார். அந்த வீட்டு மருமகள். புதுக் கிளைகளை எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தீபாவளிக்குத் திறக்க முடியுமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். முதலாளி அதை ஒரு விசேஷமாகவே ஏற்பாடு செய்துவிட்டார். சொந்தபந்தம், வீடு பதிந்தவர்களில் சிலர் என்று எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். மார்பிள் தரையிலேயே பந்தி போட்டு, இலைச் சாப்பாடு.

கோமதி அம்மா மார்பிளைத் தடவிப் பார்த்தார். அலமாரியை இழுத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி, எங்க பழைய கடையவிட நல்லா இருக்கு" என்றார். முதலாளி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அந்தம்மா ஹாலின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"இப்ப நான் கடைக்காரி இல்ல. சேல எடுக்க வந்த பொம்பள. இடுப்புல ஒரு பிள்ள, கையில ஒரு பிள்ள. தீப்பிடிச்சிட்டுன்னு வையுங்க. நான் எங்கிட்டு ஓடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. எங்க பழைய கடையில ஒரு ஆடிக் கூட்டத்துல படியில மாட்டிக்கிட்டவ நான். மூச்சு முட்டிப் போச்சு. அதுலருந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் பின்படியில இறங்கிப் பாக்காம சரின்னு சொல்லுததில்ல."

சொல்லிக்கொண்டே பச்சை விளக்கைப் பார்த்து நடந்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பூட்டியிருந்தது.

"சாவி ஆபீசுல மாட்டிக்கிச்சுங்க" என்றார் முதலாளி. "இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க. இலை போட்டாச்சுங்க, மொதல்ல சாப்பிடலாமுங்க."

அத்தனை 'ங்க' சேர்ந்து வந்ததும் நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"பூட்டு என்ன பெரிய பூட்டு, உடைச்சிருவோம். புதுசு நான் வாங்கித் தாரேன்" என்று அந்தம்மா இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். கதவு ஆடியது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பது அந்த ஹாலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"அம்மா, கைய எடுங்க! அந்தப் பக்கம் படி இல்லீங்க!"

நான் சொல்லவில்லை, கத்தினேன். ஹால் முழுக்க எதிரொலித்தது. பிறகு சாவியை என் சட்டைப் பையிலிருந்தே எடுத்தேன். சாவி ஆபீசில் இருக்கிறது என்று முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பூட்டைத் திறந்து, நிலையில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே அடித்தளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர் வரைக்கும் ஒரே பள்ளம். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு புறா எழுந்து பறந்தது. ஏசிக் குளிரில் நின்றவர்கள் மேல் சிமெண்ட் வாடையோடு வெக்கை அடித்தது.

கோமதி அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் கொத்துவிளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ ஒரு பல்பு எரியாததுபோல. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய சம்பந்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சாப்பாடு நடந்தது. வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. பந்தியில் அவரே பரிமாறினார். கோமதி அம்மாவுக்கு எங்கள் பக்கத்துப் போளியான ஒப்புட்டு வைத்து நெய் ஊற்றினார். "நெய் போதுங்களா?" என்று கேட்டார். இலையில் கை படுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் முன்னாலும் வந்து நின்றார்.

"இன்னும் ஒண்ணு வெச்சுக்கோங்க துரைராஜு. உங்களுக்குப் பிடிக்குமுங்களே."

மென்றுகொண்டே இருந்தேன். அவர் எச்சில் கையோடு என்னை எழுப்பி விரட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

கை கழுவிவிட்டு வந்த கோமதி அம்மா முதலாளியைக் கும்பிட்டார். "அண்ணாச்சி, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. கடை வேண்டாம். வருத்தப்படாதீங்க. என் மாமனார்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சரீங்க" என்றார் முதலாளி. கீழே கார் வரைக்கும் கூடப்போய், அவரே கதவைச் சாத்தி அனுப்பினார்.

பேனரை இறக்கினோம். இறக்கிய துணியை என்ன செய்வது என்று ஒடிசா பையன் கேட்டுப் பார்த்தான். பிறகு அவனே அதை சிமெண்ட் மூட்டைகள் மேல் மூடிவிட்டான். அதன் பிறகு தினமும் அந்த மணப்பெண் முகத்தைத் தாண்டித்தான் நான் ஆபீசுக்குள் போக வேண்டும். வீடு பதிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முதலாளி அறையில் உட்கார்ந்தார்கள். அவர் எல்லோருக்கும் காப்பி சொன்னார். மேல்மாடி வேலை நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் "வாங்க", மாலையில் "போயிட்டு வாங்க". இதை என்னால் தாங்க முடியவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி வேலையை விட்டேன். சால்வை போர்த்தி அனுப்பினார். முழங்காலுக்கு நல்ல வைத்தியரையும் சொன்னார். எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை.

நிவேதா, அன்றைக்கு நான் கத்தியது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு பெண் அந்தக் கதவை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அதை தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூசுகிறது. ஒரு மனிதரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லத் துணிச்சலில்லாமல், கடைசியில் அவர் சம்பந்தி முன்னால் சொன்னவன் நான். சாம்பிள் கேட்கிறார்கள் என்றால் செய்துகொடு. ஆனால் அந்தத் தளத்திலிருந்து நீயே பின்படியில் நடந்து தெருவுக்கு வந்து நின்ற பிறகுதான் மார்பிள் போட விட வேண்டும்.

போன தீபாவளிக்கு முன்னால் முதலாளியே போன் செய்தார். "ஒருக்கா வந்துட்டுப் போங்க துரைராஜு." போகாமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. போனேன். கட்டடம் அதே உயரத்தில் நின்றது. கடைத்தளங்களில் ஏற்றுமதியில் மிச்சமான பனியன், டி-ஷர்ட் எல்லாம் மலையாகக் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கொத்துவிளக்குக்குக் கீழே, ராஜஸ்தான் மார்பிள் மேலே, பெண்கள் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குக் கூட்டிப்போனார்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவை நெருங்கியதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"சாவி தேடறீங்களாங்க?" என்றார். "அதுக்கு இப்பப் பூட்டே இல்லீங்க."

தோளால் தள்ளினார். திறந்துகொண்டது. உள்ளே படிக்கட்டு இருந்தது. நல்ல வார்ப்பு, ஒரே சீராக இருந்தது. கைப்பிடிக் கம்பிக்கு மஞ்சள் பெயிண்ட். நான் போன பிறகு வேறு எந்த வேலையும் செய்யாமல் முதலில் இதைத்தான் முடித்ததாகச் சொன்னார். முன்னால் அவர் இறங்க, பின்னால் நான் இறங்கினேன். மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு முகத்தைக் காட்டாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு முன்னாடி, ஒருநா என்னைய ஓரமாக் கூப்ட்டு, ரெண்டு வார்த்தை அதட்டிச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் கேட்டிருப்பனுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் குறையாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. "ஆமாங்க" என்றேன். அவர் மறுபடி இறங்க ஆரம்பித்தார். நான் கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து, அவர் பின்னாலேயே தெரு வரைக்கும் இறங்கி வந்தேன்.